நர்ஸ் வீட்டு ஆணிப்பலகை

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினேழு வருஷ சர்வீஸ். நான் தச்சன், வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. அவள் நைட் டூட்டி முடித்து வந்து கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் நான் ரம்பத்தை எடுப்பேன். எங்கள் குடித்தனத்தின் லட்சணம் அப்படி.

டூட்டி ரம்பத்தைவிட மோசம். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் நைட். எது என்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்தவள், விடிந்துவிட்டதென்று மகளுக்குச் சடை பின்னி, பையை மாட்டி, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"அம்மா, இப்பதாம்மா ஸ்கூல்லேர்ந்து வந்தேன்!"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"போதும்யா. மாசம் முடிஞ்சதும் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. அந்த வேலை இல்லாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும்.

"காலை டூட்டியாவே கேளேன்."

"அங்க யாருய்யா நம்மளக் கேக்கறாங்க?"

நான் ஆறாம் கிளாஸோடு எழுத்துக்கு முழுக்குப் போட்டவன். மனு எழுத வராது. ஒரு பலகை செய்தேன். நாலு வாரம், வாரத்துக்குக் காலை, மதியம், நைட், ஒவ்வொன்றுக்கும் நாலு ஆணி. வார்டில் பன்னிரண்டு நர்ஸ். வாரத்துக்கு ஒன்றாக ஆளுக்கு நாலு வட்ட மர வில்லைகள், அதில் அவரவர் பேர். இஷ்டப்பட்ட ஆணியில் அவர்களே மாட்டிக்கொள்ள வேண்டியது.

இவள் கொண்டுபோன பலகையைப் பார்த்துத் தலைமை நர்ஸ் சிரித்தாராம். "எல்லாரும் காலையிலயே போய்த் தொங்குவாங்க. ராத்திரி பேஷண்ட்ட உன் வீட்டுக்காரரா பாப்பாரு?"

"ஒரு மாசம் பாருங்க சிஸ்டர். சரிவரலன்னா அடுப்புல வச்சுடுங்க" என்றிருக்கிறாள் இவள்.

நாலே நாளில் ஆணியெல்லாம் நிறைந்துவிட்டது. ராத்திரி மாமியாரோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பதற்கு வார்டே தேவலாம் என்று ஒருத்தி மாசம் முழுக்க நைட்டில் மாட்டினாளாம்.

"நீ எதுல மாட்டினே?" என்றேன்.

"மொத ரெண்டு வாரம் நைட். அப்புறம் ரெண்டு வாரம் காலை. பாப்பாவுக்குப் பரீட்சை, சாயங்காலம் நான் வீட்ல இருக்கணும்."

"அடிப்பாவி! நைட்டுக்குப் பயந்துதானே வேலைய விடறேன்னு குதிச்சே?"

"அது அவங்க என் தலையில கட்டினது. இது நானா மாட்டிக்கிட்டது. போய்யா, வேலையப் பாரு."

ராஜினாமா எழுத வாங்கி வைத்த வெள்ளைத்தாள் இப்போது என் பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. "காலை எட்டிலிருந்து மதியம் இரண்டுவரை ரம்பத்தைத் தொடக் கூடாது." கீழே அவள் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் நான் வார்னிஷ் அடிக்கிறேன். இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வருகிறேன்.