தேவியின் நெற்றியில் ஐந்து மில்லிமீட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மன் நகரமான ஹனோவரில் ஓர் அருங்காட்சியகத்தின் பராமரிப்புக் கூடத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்த்தேன். எகிப்தியக் கோயிலொன்றிலிருந்து வந்த சிங்கமுகத் தேவி சிலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் குறிப்பெடுப்பது என் பணி. அறிக்கை சரியாக இருந்தால் ஒப்பந்தம் நீளும்; இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மனைவி வந்து சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

என் குறிப்பேட்டில் புதன்கிழமை, காலை 9.40 என்று இருக்கிறது: “நெற்றியில், புருவங்களுக்கு நடுவே, சிவப்புத் தடம். விட்டம் ஐந்து மில்லிமீட்டர். பழைய காவிப் பூச்சின் எச்சமாக இருக்கலாம்.” அன்றே அறிக்கையைக் கூடத்தின் தலைவியிடம் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டில் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். ரசம் தாளித்துக்கொண்டிருந்த மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, அது நான் வெச்சதுங்க.”

“எதை?”

“நேத்து சாப்பாடு கொண்டாந்தேன்ல, நீங்க கை கழுவப் போனீங்க. கருங்கல்லுல அப்பிடியே அம்மன் மாதிரி உக்காந்திருக்கா, நெத்தி மட்டும் வெறிச்சுனு இருந்துச்சு. மனசு கேக்கல. என் நெத்தியில இருந்து எடுத்துக் கொஞ்சூண்டு வெச்சேன்.”

“மூவாயிரம் வருஷத்துச் சிலைடி அது!”

“அத்தனை வருஷமா யாருமே வெக்கலையே!” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “வேலை போயிடுமா?”

மறுநாள் எட்டு மணிக்குத் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். ஒரு புள்ளி தவறினாலும் விடமாட்டார்.

“அளந்தீர்களா?”

“அளந்தேன்.”

“இதை நெற்றியில் வைக்கிற நாட்டிலிருந்து வந்தவர், அளந்திருக்கிறீர்கள்.”

குறிப்பேட்டை மூடினேன்.

“வைத்தவரே வந்து துடைக்கட்டும்” என்றார்.

மனைவி வந்தாள். பஞ்சைக் கையில் வாங்கினாள், ஆனால் துடைக்கவில்லை. “ஒரு பொம்பளையோட பொட்டை நான் எப்படிங்க அழிப்பேன்?” என்றாள். கணவனை இழந்தவளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் பொட்டை அழிப்பார்கள் என்று ஜெர்மனில் விளக்கினேன்.

தலைவியின் கணவர் போருக்குப் போய்த் திரும்பாதவர் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் என் மனைவியின் கையிலிருந்து பஞ்சை மெதுவாக வாங்கி, நனைத்து, தாமே துடைத்தார். சிவந்த பஞ்சைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு மூடி, சீட்டு எழுதச் சொன்னார். “குங்குமம். இந்தியா. வைத்தவர்: என் மனைவி” என்று எழுதி ஒட்டினேன்.

அறிக்கையில் அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டார். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளிலும் இட்டார்.

“இனிமேல் சாப்பாடு வாசலோடு நிற்கட்டும்” என்று மனைவியின் நெற்றியைப் பார்த்துச் சொன்னார்.