அத்தாவின் நெஞ்சுச்சளி

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் போனபோது, தையல் மெஷினே அதற்குக் காரணம் என்று நினைத்தேன். மதுரை டாக்டர்தான் முடக்குவாதம் என்று சொன்னார். மாத்திரையும் ஸ்டீராய்டும் சில வருஷம் ஓடின. அப்படியும் ஒரு கட்டத்தில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. அன்றைக்கு வெட்டாத துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் ஊசிக்கு மாறலாம் என்றார். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தின்கிறது, ஊசி அதை அடக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

"ஆனா ஒண்ணு. டிபி கிருமி சில பேர் உடம்புல வருஷக்கணக்கா தூங்கிக்கிட்டு இருக்கும். எதிர்ப்புச் சக்திய அடக்கினா அது முழிச்சிக்கும். உங்க வீட்டுல யாருக்காவது டிபி வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

யோசிக்காமல் சொன்னேன். எனக்குத் தெரிந்து யாருக்கும் வந்ததில்லை. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக வந்தன.

ஊசிகள் எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்தன. வயிற்றில் போட்டுவிடுவது என் கணவரின் பொறுப்பு. வாழைக்காய் மண்டி நடத்துகிறவர். ஒரு மாதம் கழிந்து, ஒரு காலையில் ஈரத் துணியை நானே முறுக்கிப் பிழிந்தேன். பெருநாளைக்கு வந்த தையல் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. மகளுக்குப் பல வருஷம் கழித்துத் தலை பின்னிவிட்டேன். "வலிக்குதும்மா, மெதுவா இழு" என்று அவள் சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் தொடங்கியது. மதியம் வரைக்கும் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் உடம்பு மெல்லக் கொதிக்கும். உள்ளூர் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். இருமல் இல்லை, சளி இல்லை, அதனால் வேறு நினைப்பு யாருக்கும் வரவில்லை. காய்ச்சல் விட்டது, மறுபடி வந்தது. நான் தைத்த பிளவுஸ் எனக்கே தொளதொளவென்று ஆனபோது கணவர் பயந்துபோனார்.

"இனி இங்கன பாத்துக்கிட்டு இருக்க வேணாம். கெளம்பு, மதுரைக்குப் போவோம்."

ஸ்கேனில் நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். டிபி. மற்றவர்களுக்கு ஒட்டாத வகை என்றார் டாக்டர். மூட்டு ஊசியை அன்றே நிறுத்தினார். எனக்கு டிபி என்ற சொல்லைவிட அதுதான் இடியாக விழுந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் குறைந்தது, மூட்டு வலி திரும்பி வந்தது. வலிக்கு மறுபடி தொடங்கிய ஸ்டீராய்டின் வேகத்தையும் இந்த மாத்திரை குறைக்குமாம். காலையில் டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கிக் குடித்தேன். மாத்திரை அட்டையைப் பிரிக்கக்கூட முடியவில்லை.

என் அத்தா எங்களோடுதான் இருக்கிறார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அம்மா இறந்த பிறகு அவரை இங்கேயே கூட்டிவந்துவிட்டோம். வயதான மனுசனுக்கு எதற்கு இது என்று, காய்ச்சலுக்கு மாத்திரை என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஒருநாள் பல்லால் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து அதை வாங்கினார். பிரித்தவர், உள்ளங்கையில் கிடந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுக்கு செவப்பா போகுதா?"

மகளிடம் கேட்கிற கேள்வியா என்று நான் கூசிப்போனேன். மாத்திரை தொடங்கியதிலிருந்து அப்படித்தான், ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அப்படித்தான் போச்சு. நீ ரெண்டாப்பு படிக்கையில."

எனக்கு நினைவிருந்தது. குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்துவிட்டு அத்தா மெலிந்து வந்தார். நெஞ்சுச்சளி என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். இரவெல்லாம் இருமுவார். ஒரே அறை, ஒரே பாய். நான் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்குவேன்.

"ஆஸ்பத்திரில டிபின்னுதான் சொன்னாக. ஒங்கம்மா யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டா. ரெண்டு பொம்பளப் புள்ளைக இருந்தீக. யாரு கட்டுவா?"

"டாக்டர் கேட்டாக அத்தா, யாருக்காவது இருந்துச்சான்னு."

"என்கிட்ட நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனான்னு தெரியலம்மா." மாத்திரைகளை என் கையில் வைத்தார். "நான் குடுத்ததா இது?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுத்தா" என்றேன். அவர் முகம் மாறவில்லை. அன்றிலிருந்து தன் தட்டைத் தனியே எடுத்துப்போய்ச் சாப்பிட்டார். பேத்தி பக்கத்தில் வந்தால் நகர்ந்தார். அவருக்கு நோய் குணமாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று கணவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு அந்த ரத்த டெஸ்ட் சில சமயம் தப்பா சுத்தம்னு காட்டும். அப்பாவுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா, டெஸ்ட் எப்படி வந்தாலும் தடுப்பு மாத்திரை குடுத்துட்டு அப்புறம்தான் ஊசிய ஆரம்பிச்சிருப்பேன்."

யார் மேல் கோபப்படுவது? கல்யாணச் சந்தைக்குப் பயந்து வாயை மூடிய அம்மா மேலா? அந்தப் பயம் இல்லாதிருந்தால் சகோதரிகள் எங்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்திருக்குமா என்பதும் தெரியவில்லை. பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது, அத்தாவிடம் என்ன சொல்வது என்று முடிவு செய்தேன்.

அவர் வாசலிலேயே காத்திருந்தார். "டாக்டர்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். முன்னாலயே சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்னாக. ஊசி போட்டா யாருக்கு வேணா வரலாமாம்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாத்திரைகள் முடிந்தன. ஸ்கேன் சுத்தம் என்றார்கள். ஊசிக்கு முன்பும் சுத்தம் என்றுதானே சொன்னார்கள் என்று மனம் கேட்டது. இப்போது டிபி பயம் குறைவான வேறொரு மருந்தை டாக்டர் தொடங்கியிருக்கிறார். விரல்கள் முக்கால்வாசி மடங்குகின்றன. சுடிதாரும் பிளவுஸும் மட்டும் எடுக்கிறேன், கனத்த துணி எடுப்பதில்லை. சாயங்காலம் உடம்பு லேசாகச் சூடானாலும் மெஷினை நிறுத்திவிட்டுத் தெர்மாமீட்டரைத் தேடுகிறேன்.