வரிசை வரிசையாகப் பின்னால்

அரங்கத்து வாசல்காரர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வரும்போதே அந்த அம்மாள் படியில் உட்கார்ந்திருக்கிறார். கைப்பை மடியில். செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில். நடனம் தொடங்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது. உள்ளே விளக்குக்காரர் ஏணியை விட்டே இறங்கியிருக்க மாட்டார். "நாளையிலேர்ந்து சாவியை உங்க கிட்டயே குடுத்துடறேன், நீங்களே திறந்துக்குங்க" என்கிறார் வாசல்காரர். ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்கிறார். அந்த அம்மாளும் இப்போதுதான் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்து வைக்கிறார். சாவி அக்கா என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறார். புதிதாக எதுவும் தைப்பதில்லை. இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். நடனக்காரர்களின் உடைகளும் சில சமயம் வந்து சேரும். அவற்றை மட்டும் ஊசியைத் தொடுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோவார். "வேர்வை எங்க ஊறியிருக்குன்னு பாத்தா போதும், அந்தப் பொண்ணு எப்படி ஆடுவான்னு சொல்லிடலாம்" என்பார். சொன்னதில் பாதி தப்பாகப் போகும். அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டதில்லை.

வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. அதில் நடனம் வந்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுகிறார். "அதுல மூச்சு வாங்குறது கேக்குமா? தடால்னு குதிச்சா பலகை அதிரும், அது நம்ம உள்ளங்கால் வரைக்கும் வரும், அது டிவியில வருமா? ஆடி முடிச்சு சிலையாட்டம் நிப்பாங்க பாரு, அப்ப வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்கும். அதைப் பாக்கத்தான் நான் காசு குடுக்கிறேன்."

எனக்கு அவர் பழக்கமானது பக்கத்து இருக்கைக்காரி என்ற முறையில். யாராவது எகிறிக் குதித்தால் என் முழங்கையைப் பிடித்துவிடுவார். குதித்தவர் தரையைத் தொடும்வரை பிடி தளராது. முதல் நாளே கேட்டேன், "இவ்வளவு பயமா இருந்தா எதுக்குக்கா வர்றீங்க?"

"பயமா இல்லாட்டி எதுக்கு வரணும், தங்கச்சி?" என்றார், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஒரு காலத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவராம். நான் அறிமுகமானபோது நடு அரங்கத்துக்கு வந்திருந்தார். பிறகு அதற்கும் பின்னால். நானும் கூடவே நகர்ந்தேன். வழக்கமாக வருகிறவர்கள் கேலி செய்தார்கள். "எல்லாருக்கும் முன்னாடி புரமோஷன், உங்களுக்கு மட்டும் பின்னாடியா?" அக்காவும் சேர்ந்து சிரிப்பார். எல்லோரும் வெளியேறி, கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்தபிறகுதான் இருக்கையை விட்டு எழுந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே எப்போதும் நீலமாகக் கன்றியிருக்கும். கேட்டால், "கட்டில் காலுக்கும் எனக்கும் ஆகாது" என்பார். நடனப் பைத்தியம், ஆளே கொஞ்சம் ஒரு மாதிரி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அது. மேடையில் ஒரே ஒரு பெண். உயரமானவள், கை நீட்டினால் பாதி மேடைக்கு வந்துவிடும் போலிருந்தது. இசை நின்று, காலடிச் சத்தத்துக்கே அவள் ஆடிக்கொண்டிருந்த இடத்தில், சட்டென்று எல்லா விளக்குகளும் அணைந்தன. அவள் நிறுத்தவில்லை. இருட்டுக்குள்ளிருந்து பலகையில் பாதம் விழும் ஓசை வந்துகொண்டேயிருந்தது. இதுவும் ஆட்டத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து, நாங்கள் அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

அக்காவின் விரல்கள் என் முழங்கையில் இறங்கின. வழக்கமான பிடி அல்ல; நகம் தோலுக்குள் போனது.

"தங்கச்சி. அவ ஆடிக்கிட்டுதானே இருக்கா?"

"ஆமாக்கா. சத்தம் கேக்குதே."

"உனக்குத் தெரியுதா அவளை?"

"எப்படிக்கா தெரியும்? கும்மிருட்டா இருக்கே."

பிறகு, குழந்தை கேட்பதுபோல ஒரு குரல்: "உனக்குமா?"

அதற்குள் பின்னாலிருந்து யாரோ, "கரண்ட் போச்சுப்பா" என்று உரக்கச் சொல்ல, அங்கங்கே கைபேசி வெளிச்சங்கள் முளைத்தன. ஒரு வெளிச்சம் அக்காவின் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்திருந்தார். முகம் முழுக்கத் தண்ணீர். வெளியே இழுத்தபோது துணி கிழிந்திருந்தது.

"கத்திடுவேனோன்னு பயந்துட்டேன்" என்றார். "கத்தினா அவ ஆட்டம் கெட்டுடுமே."

விளக்கு வரும்வரை நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிக்கொண்டே போனார்.

"ரெண்டு பக்கமும் யாரோ கதவைச் சாத்திக்கிட்டே வர்ற மாதிரி இருக்கு. நடுவுல மட்டும் பளிச்சுன்னு தெரியும். ஊசியில ஒரே தடவையில நூல் கோக்கிறேன், எனக்குக் கண்ணு போகுதுன்னா யார் நம்புவா? டாக்டர்தான் சொன்னார், நடுவுல இருக்கிறதும் ஒரு நாள் மூடிக்கும், என்னைக்குன்னு தெரியாதுன்னு. முன்வரிசையில உக்காந்தா ஒரு ஆளோட இடுப்பு மட்டும்தான் தெரியுது. பின்னாடி போகப் போக, மேடை சின்னதாகி அந்த ஓட்டைக்குள்ள அடங்கிடுது. அதான் போய்க்கிட்டே இருக்கேன். கடைசி வரிசைக்குப் பின்னாடி சுவருதானே இருக்கு?"

விளக்கை மங்கவிட்ட பிறகு படி தெரியாது. அதற்காகத்தான் முதலில் வருவதும் கடைசியில் போவதும்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"ஐயையோ. சொன்னா வாசல்ல கால் வைக்க விடமாட்டார்." கைக்குட்டையின் கிழிசலை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணனுக்கும் இதேதான். உள் ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க. குறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. வேளைக்குச் சாப்பாடு வருது. யார் உள்ள வந்தாலும் தலையைத் தூக்கி 'யாரது?'ன்னு கேப்பார். பெத்த பொண்ணு வந்தாலும் 'யாரது?' அதைக் கேட்டதும் நான் எந்திரிச்சு வந்துடுவேன். இப்ப இருட்டுல உக்காந்திருந்தேன் பாரு, வாய் வரைக்கும் அந்த வார்த்தைதான் வந்துச்சு."

வாசலில் அவர் கணவர் குடையோடு நின்றிருந்தார். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவதொரு நிறம் இருக்கும். அன்று பச்சை. நடனம் என்றால் அவருக்கு ஆகாது. "நாலு பேர் குதிக்கிறதைப் பாக்க இவ்வளவு தூரமா?" என்பார், ஆனால் மழை பெய்தால் தவறாமல் வந்துவிடுவார். அக்காவின் கையைப் பிடித்ததும், "என்ன இப்படி ஜில்லுனு இருக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இருவரும் ஒரே குடைக்குள் போனார்கள்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். அன்று குடைக்குள் போகிற வழியிலேயே அக்கா கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம்.

"கேட்டுக்கிட்டார் மனுஷன். வந்தார், சாப்பிட்டார், படுத்துட்டார். காலையில எந்திரிச்சுப் பாக்கிறேன், படி ஓரம், நிலைப்படி, குளியலறை மேடு எல்லாத்துலயும் வெள்ளைக் கோடு. எப்ப எந்திரிச்சு அடிச்சார்னே தெரியல. பெயிண்ட் ஈரம்கூடக் காயல."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான். இப்ப இடிச்சுக்கிறதில்ல." அக்கா தையல் எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் உருட்டினார், நிறுத்தினார். "ஆனா அதைப் பாத்துட்டு அந்தப் படியிலயே உக்காந்து அழுதேன். டாக்டர் சொன்னப்பகூட அழல. எங்கயோ தப்பா சொல்லியிருப்பார்னு ஒரு நப்பாசை வெச்சிருந்தேன். இப்ப வீடு முழுக்க எழுதி வெச்ச மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி விளக்கை அணைக்கவே விட மாட்டேங்கிறேன். அவரும் வெளிச்சத்துலயே கண்ணை மூடிக்கிட்டுக் கிடக்கிறார், பாவம்."

அனுப்ப மாட்டேன் என்று கணவர் சொல்லவில்லை. தனியாக அனுப்ப மாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவரும் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தும் பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் வாசனை போகவில்லை. கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். விளக்குகள் மங்கத் தொடங்கியதும் அக்காவின் தோள்கள் இறுகின. கடைசி விளக்கும் அணைந்து மேடையில் முதல் வெளிச்சம் வரும்வரை அவர் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று குழு நடனம். ஒரு கூட்டமே நடுவில் சுழன்றது. அக்கா கொஞ்சம் தளர்ந்தார். பிறகு கூட்டம் இரண்டாகப் பிரிந்து மேடையின் இரு ஓரங்களுக்கும் ஓடியது. அக்காவின் தலை இடப்பக்கம் போனது, வலப்பக்கம் திரும்பியது, மறுபடி இடப்பக்கம் ஓடியது. கூட்டத்தில் கைநழுவிப்போன பிள்ளையைத் தேடுகிறவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள். அந்த முகத்தைக் கணவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பொறுக்கமாட்டாமல் அக்காவின் காதருகே குனிந்தார்.

"அந்தக் கடைசியில ஒரு பொண்ணு தனியா நிக்குது. இப்ப கையைத் தூக்குது. இப்ப மெதுவா…"

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டித் தடவி, அவர் வாயைக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் பொத்தினார். பொத்தியபடியே கழுத்தை எக்கி, மேடையின் இருட்டு ஓரம் முழுவதும் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.