பெர்லா கொண்டுவந்த விதி

மொன்டெவிடியோவில் பெர்லா கிரின்ஸ்பானின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் மிகால் நுழைந்தபோது உள்ளே நல்ல கூட்டம். மிகாலுக்கு வயது பத்தொன்பது. யூத இளைஞர் இயக்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவள்தான் அந்த ஆண்டு தலைவி. வரிசையைப் பார்க்காமல் நேராகப் பெர்லாவிடம் வந்தாள்.

“பெர்லா, கூட்டை மூடப்போறாங்க. கோடை முகாமுக்குப் பிள்ளைங்க சேரலைன்னா அடுத்த வருஷம் கிளையே கிடையாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. கூரை வேற ஒழுகுது.”

“மூடுவாங்களா? நாங்க செத்துட்டோமா என்ன?” என்றாள் பெர்லா. வாடிக்கையாளரின் மூக்கில் புதுக் கண்ணாடி கோணலாகத் தொங்க, அவள் போனை எடுத்தாள்.

கிளை இயங்கிய பழைய மாடிவீட்டைத்தான் எல்லோரும் கூடு என்றார்கள். போலந்திலிருந்து வந்த தையல்காரரின் மகளான பெர்லா எட்டு வயதில் அங்கே சேர்ந்தாள். வீட்டில் வாயே திறக்காத பெண், கூட்டில் கூடாரம் அடிக்கவும், அண்டா நிறைய உருளைக்கிழங்கு உரிக்கவும், தொண்டை கட்டும்வரை விவாதம் செய்யவும் கற்றுக்கொண்டாள். அங்கே வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான். ஒருமுறை பெற்றோர் குழு ஒன்று கூட்டைத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்தது. இளம் பெர்லா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். “இது பிள்ளைங்க இயக்கம். பிள்ளைங்கதான் முடிவு பண்ணணும். இருபத்து மூணு தாண்டினவங்க வரலாம், பாடலாம், பாத்திரம் கழுவலாம். ஓட்டுக்குக் கை தூக்கக் கூடாது.” விதி நிறைவேறியது. இன்றுவரை அப்படித்தான்.

பிறகு இஸ்ரேலில் கிபுட்ஸ் என்னும் கூட்டுவாழ்வுக் கிராமம் ஒன்றின் கோழிப்பண்ணையில் வேலை. அப்பா படுத்த படுக்கையானதும் திரும்பி வந்தவள், இங்கேயே தங்கிவிட்டாள். அங்கே போய்க் குடியேறுங்கள் என்று இயக்கம் சொல்லிக்கொடுத்ததை அவள் பிள்ளைகள் செய்துகாட்டினார்கள். மகன் ஹைஃபாவில், மகள் பேர்ஷெபாவில். விமான நிலையத்தில் இரண்டு முறையும் இயக்கப் பாட்டைப் பாடித்தான் பெர்லா வழியனுப்பினாள். வீடு திரும்பும் வழியில் காரை அவளால் ஓட்ட முடியவில்லை.

அவள் போன் செய்த வாரமே கூட்டில் வளர்ந்த பழைய ஆட்கள் குவிந்துவிட்டார்கள். டாக்டர், வக்கீல், மெத்தைக் கடைக்காரர். கட்டட ஒப்பந்தக்காரர் பெர்னார்தோ ஏணியோடு வந்து கூரையில் ஏறினார். அரைக்கால் சட்டையும் பழைய நீலச் சீருடையும் போட்டிருந்தார்.

“குண்டா, சட்டை சுருங்கிடுச்சா, இல்ல நீ ஊதிட்டியா?” என்று கீழிருந்து கத்தினாள் பெர்லா.

“சட்டையைப் பாக்காத, ஏணியைப் பிடி! நான் விழுந்தா கூடும் போயிடும், கீழ நிக்கிற நீயும் போயிடுவ!”

கூரைக்குத் தார் பூசினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். புதுக் கூடாரங்கள் வந்து இறங்கின. மாத்தே தேநீர்க் கிண்ணம் கைமாறிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மாலை வழக்கமான அணிவகுப்பு. கிளையில் மிச்சமிருந்த பிள்ளைகள் நான்கு பேர். புதிதாக இரண்டு குடும்பங்களைப் பேசிப் பேசி வரவழைத்திருந்தாள் மிகால். அது தெரியாமலோ, தெரிந்தும் மறந்தோ, பழைய ஆட்கள் அத்தனை பேரும் சீருடையோடு வந்துவிட்டார்கள். கொடியைச் சுற்றித் தங்கள் பழைய வயதுக்குழுப்படி வரிசை கட்டி, முழுத் தொண்டையில் பாடினார்கள். பெர்லா குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. நான்கு பிள்ளைகளும் இடமில்லாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்ற புதுப் பையன் அம்மாவின் கையை இழுத்தான். “அம்மா, இது தாத்தாங்க கிளப்பா?”

அம்மா சிரித்தபடி மிகாலிடம் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு குடும்பங்களும் போய்விட்டன.

பாட்டு முடிந்த பிறகுதான் பெர்லாவுக்கு விஷயம் தெரிந்தது. “சரி, அவங்க போனா போகட்டும். நம்ம பேரப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க! குண்டா, உன் பேத்தி?”

“இஸ்ரேல்ல, ரானானாவுல.”

“டாக்டர்?”

“மயாமி. இன்னொண்ணு ஜெருசலேம். உன்னோடது எங்க பெர்லா?”

பெர்லா அதற்குமேல் வேறு யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் முடிவெடுக்கும் கூட்டம். மிகாலையும் சேர்த்து, பிள்ளைகளை நடத்தும் இளம் வழிகாட்டிகள் ஆறு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பழைய ஆட்கள் சுவரோரம் நின்றார்கள்.

“கூட்டை மூடிடலாம்னு நான் சொல்றேன்,” என்றாள் மிகால். “நாலு பிள்ளைங்களையும் வேற இயக்கத்து முகாமுக்கு அனுப்பிடலாம். அங்க விளையாடறதுக்காவது ஆள் இருக்கும்.”

“பைத்தியமா உனக்கு?” பெர்லா முன்னால் வந்துவிட்டாள். “கூரை போட்டாச்சு, கூடாரம் வந்தாச்சு! முகாமை நாங்க நடத்தறோம். சமையல், பஸ் எல்லாம் எங்க பொறுப்பு!”

“யாருக்கு நடத்துவ பெர்லா?”

“வருவாங்கடி. ஒரு வருஷம் பொறுத்துப் பாரு.”

“போன வருஷமும் இதேதான் சொன்னே.” மிகாலின் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும் ஆசையா? சரி, மூடலாம்ங்கிறவங்க கை தூக்குங்க.”

நான்கு கைகள் உயர்ந்தன. ஒருவன் அழுதுகொண்டே தூக்கினான்.

“வேண்டாம்ங்கிறவங்க?”

இரண்டு கைகள். மூன்றாவதாகச் சுவரோரத்திலிருந்து ஒரு கை. பெர்லாவுடையது.

பெர்னார்தோ குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“பெர்லா, உனக்கு ஓட்டு இல்ல,” என்றாள் மிகால்.

“தெரியும்.”

“கையை இறக்கு. எண்ணணும்.”

கொஞ்ச நேரம் கழித்துப் பெர்லா கையை இறக்கினாள். பிறகு சமையலறைக்குப் போய், கிடந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து பெரிய மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் நின்றவர்கள் தங்களையறியாமல் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.