நீடில் ஆயில் பட்ட வில்

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. நல்லூரில் எங்கள் நிட்டிங் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட வந்த சீன மெக்கானிக்கை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. டூல்ஸ் பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்தவர், நீளமான கறுப்புப் பெட்டி ஒன்றை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

மூன்று மணி டீ முடிந்ததும் அந்தப் பெட்டியோடு துணிக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரோ மூக்கடைத்துக்கொண்டு அழுவதுபோல ஒரு சத்தம் வரும். சன்னல் வழியாகப் பார்த்தேன். போனைச் சாய்த்து வைத்து, மடியில் ஏதோ வாத்தியத்தை நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த துணி ரோலெல்லாம் கேமராவில் விழுமே! என்ன நூல், என்ன கனம் என்று தன் ஊருக்குத் துப்புக் கொடுக்கிறாரோ?

செக்கிங் டேபிளில் துணி பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னேன், சிரித்தாள். "ஏனுங்க, நம்ம துணி காதர்பேட்டையில கடைக்குக் கடை தொங்குது. அதைப் பார்க்கவா ஏரோப்பிளான் ஏறி வருவாங்க? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிங்க."

நேராகவே அவரிடம் கேட்டேன். போனில் மொழிபெயர்த்துச் சொன்னார். வாத்தியத்தின் பெயர் எர்ஹு. இரண்டே கம்பி, மலைப்பாம்புத் தோல், குதிரை முடி கட்டிய வில். ஆயிரம் வருடத்துக்கு முன் வடக்கேயிருந்து குதிரைக்கார ஜனங்களோடு அவர்கள் நாட்டுக்குள் வந்ததாம். 'ஹு' என்றால் வெளியாளாம்; அது பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். எந்த ஊரில் இருந்தாலும், பள்ளிவிட்டு வரும் மகளுக்குத் தினம் ஒரு பாட்டு வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். நான் நம்பவில்லை. இவ்வளவு அழகான பதிலை முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவர் சாப்பிடப் போனபோது பெட்டியைத் திறந்தேன். உள்துணியைத் தூக்கிப் பார்த்தேன், மூடியைத் தடவினேன். வாத்தியத்தைத் தவிர ஒன்றுமில்லை. வெட்கமாகிவிட்டது. கம்பிக்கு அடியிலும் வில்லின் முடியிலும் வெள்ளையாகத் தூசி படிந்திருந்தது. எங்கள் கம்பெனிப் பஞ்சுதான் என்று நினைத்தேன். முப்பது வருடப் பழக்கம், பஞ்சைக் கண்டால் என் கை தானாக எண்ணெய்த் துணியை எடுக்கும். செய்த தப்புக்கு ஈடாக இருக்கட்டும் என்று, மெஷின் ஊசிகளுக்கு விடும் நீடில் ஆயிலில் துணியை நனைத்து, வில்லைப் பளிச்சென்று துடைத்துவைத்தேன்.

மூன்று மணிக்குக் கிடங்கில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். வில்லை இழுக்கிறார், இழுக்கிறார், வெறும் காற்றுதான் வருகிறது. போனில் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். அவர் வில்லை முகர்ந்தார். பிறகு என் தோளில் கிடந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தார்.

வில்லில் படிந்திருந்தது தூசி இல்லையாம், மரப்பிசின் பொடியாம். அது இருந்தால்தான் முடி கம்பியைப் பிடிக்குமாம். சோப்புப் போட்டு அலசியும் எண்ணெய் போகவில்லை. மாற்று வில்லும் அவரிடம் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதை அவர் மொழியில் மாற்றிக் காட்டினேன். தலையசைத்துவிட்டு மெஷினிடம் போய்விட்டார். மீதி நான்கு நாளும் கிடங்குப் பக்கமே போகவில்லை. மெஷினை ஒரு குறையும் இல்லாமல் ஓடவிட்டுக் கொடுத்தார்.

வேலை முடிந்து போகிறவர்கள் கேட்டில் பையைத் திறந்து காட்டவேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவர் ஊருக்குக் கிளம்பும் அன்று, இவரைச் சோதிக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தேன். அவரோ வாட்ச்மேனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். கறுப்புப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அன்று யாருக்கும் தெரியாமல் அதைத் துழாவிய என்னால், இப்போது குனிந்து பார்க்க முடியவில்லை.