தூளுக்கு வந்த தீயணைப்பு வண்டி

போன கிழமை இங்கே நொர்வேயில், குறொன்லாண்ட் கடைத்தெருவில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ஒரு தீயணைப்பு வண்டி வந்தது. இந்த ஊர்ச் சைரனை எனக்கு அடியோடு பிடிக்காது. சைரனையாவது பொறுக்கலாம். முன்னால் போகிற கார் விலகச் சுணங்கினால் ஒரு ஹோர்ன் அடிப்பார்களே, அது நேரே வயிற்றுக்குள் வந்து இடிக்கும். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். நான் மூக்கைப் பொத்தினேன். சிரிக்காதீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வறுத்த செத்தல் மிளகாய் மணக்கும், தும்மலும் வரும்.

சின்ன வயதில் நகரத்து ஓரத்தில், ரொம்மனில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். கடை மிளகாய்த்தூள் அம்மாவுக்கு ஆகாது. "உது தூளே? செங்கல்லை இடிச்சு விக்கிறாங்கள்" என்பார். அதனால் சனிக்கிழமைகளில் தானே தூள் வறுப்பார். மிளகாய் கறுக்கத் தொடங்கினால் வீட்டில் மூச்சுவிட முடியாது. சன்னலைத் திறந்தால் குளிர் வரும் என்று வாசற்கதவைத் திறந்து, புகை முழுவதையும் மாடிப்படிப் பக்கம் விரட்டிவிடுவார். கட்டடத்தின் புகைமணி இருந்ததோ அங்கேதான். அது அடித்தால் யாரும் கூப்பிடாமலே வண்டி புறப்பட்டுவிடும்.

தூரத்தில் ஹோர்ன் கேட்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். முழுக் கட்டடமும் வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி நின்று எங்களையே முறைக்கும். பெரிய உடுப்போடு மேலே ஓடிய தீயணைப்புக்காரர் தும்மிக்கொண்டு இறங்கி வருவார். எல்லாரையும்விடப் பொல்லாதவர் நாலாம் மாடி ஹரால்ட் கிழவர். முழங்கால் ஏலாது. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிடும், பொல்லை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. அவரை முழு மனதோடு வெறுத்தேன்.

"அம்மா, அவர் எங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்லுறார்."

"அந்த மூஞ்சைக்கு மொழிபெயர்ப்பு வேணுமே?"

ஒருநாள் ஹரால்ட் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இவர்களுடைய கறிக்காக இனி ஒரு படிகூட இறங்க மாட்டேன்." சனம் சிரித்தது. அதற்குப் பிறகு மணி அடித்தால் மற்றவர்களும் பல்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் யாழ்ப்பாணத்தில் பெரியப்பா செத்துப்போனார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் தூள் வறுப்பது எங்கே? சோறும் பருப்பும் மட்டும்தான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. தமிழ்ப் பொம்பிளை தூள் வறுக்கிறாள் என்று முழுக் கட்டடமும் சும்மா இருந்தது. இது எங்கள் தூள் இல்லை என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினார். நாலாம் மாடியில், ஹரால்டின் வீட்டுக்கு எதிரே, ஆட்கள் வெளியே போயிருந்த வீட்டுக் கதவின் கீழால் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றி ஹரால்டின் கதவில் அடித்தார்.

"சமையலை நிறுத்து!" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

"இக்கே மை! இக்கே மை!" நானில்லை, நானில்லை என்று தனக்குத் தெரிந்த நொர்வேஜியனில் அம்மா கத்தினார். கதவு திறக்கவில்லை. அதோடு அம்மாவின் பொறுமை போய்விட்டது. "கட்டையிலை போவானே, கதவைத் திறவடா!" என்று தொடங்கியவர் பிறகு சொன்னதை அச்சில் போட முடியாது. ஹரால்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பேச்சு வாங்குகிறோம் என்று தெரிய மொழி எதற்கு? அடிக்கப் பொல்லை ஓங்கிக்கொண்டே கதவைத் திறந்தார். திறந்ததும் புகையைக் கண்டார்.

அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து சேரும்வரை அவர் அவருடைய மொழியில் திட்டினார், அம்மா தன்னுடைய மொழியில் திட்டினார். நான் மற்றக் கதவுகளை உதைத்துக்கொண்டே பின்னால் வந்தேன்; அந்தச் சத்தத்துக்குச் சனமும் இறங்கியது. வாசலுக்கு வரவும் அந்த ஹோர்ன் முற்றத்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

ஹரால்ட் நன்றி சொல்லவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. துடக்குக் கழிந்து அடுத்த தூள் வறுத்தபோது, முதல் ஆளாகப் பொல்லை ஊன்றி இறங்கி வந்து பனிக்குள் நின்று எங்களைத் திட்டினார். "வரட்டும். இறங்கி வந்து திட்டட்டும்" என்றார் அம்மா. அந்த முகத்தில் அப்படியொரு திருப்தி.

இப்போது ஹரால்ட் இல்லை. அம்மா இருப்பது புதுக் கட்டடத்தில். கை உளைகிறது என்று அந்தச் செங்கல் தூளைத்தான் குறொன்லாண்டில் பைக்கற்றாக வாங்குகிறார். போன மாதம் அங்கேயும் மணி அடித்திருக்கிறது. வண்டி வந்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போய்விட்டதாம். அம்மா மட்டும் இறங்கி முற்றத்தில் நின்றிருக்கிறார். பிறகு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"ஒருத்தரும் இறங்கேல்லை, பிள்ளை."

"நீங்கள் கதவுகளைத் தட்டியிருக்கலாமே?"

"தட்டலாம். ஆரெண்டு திட்டிக் கூப்பிடுறது? இஞ்சை ஒருத்தற்றை பேரும் எனக்குத் தெரியாது."