ஒன்பது கையெழுத்துகள்

வருஷத்துக்கு ஒரு முறை என் புருஷன் என்னைத் தன் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கொடுத்தால்தான் நான் இந்த நாட்டில் இன்னொரு வருஷம் இருக்கலாம். அப்படி ஒன்பது முறை கொடுத்தார். முதலாவதைத் தவிர மற்ற எட்டுக்கும் நான் கெஞ்சியிருக்கிறேன். அதை மறந்துவிட்டேன் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது.

நான் பிறந்தது கோத்தகிரியில். அப்பாவும் அம்மாவும் இலங்கையில், டயகமத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, கப்பலேறிப் போய், அங்கேயும் தேயிலையே பறித்தார்கள். எனக்குப் படிப்பு இருந்தது, ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் இருந்தது. அம்மாவுக்குத் தன் சொந்தத்தை விட்டுவிட மனசில்லை. ஹட்டனில் தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். அக்காள் தங்கை இல்லாத ஒரே மகன், தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், அதாவது லயத்தில், சொந்தமாகத் திருத்திக் கட்டிய வீடு. கட்டிக் கொடுத்தார்கள். அவர் இலங்கைப் பிரஜை, நான் இந்தியப் பிரஜை. மனைவி என்பதற்காக எனக்கு ஒரு வருஷ விசா. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் புருஷன் கடிதம் வேண்டும், புருஷனே கூட வரவும் வேண்டும்.

முதல் வருஷம் சிரித்துக்கொண்டே போட்டார். விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப்போய், வேலை முடிந்ததும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். இரண்டாவது வருஷம், விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேட்டேன். பார்க்கலாம் என்றார். மூன்று கிழமை பார்த்தார். கடையில் உட்கார்ந்து ஊர் பூராவுக்கும் கடிதம் தட்டிக் கொடுக்கிற மனுஷனுக்கு என் கடிதம் மட்டும் கை வரவில்லை. நான் கேட்க வேண்டும், திரும்பக் கேட்க வேண்டும், கேட்கும்போது குரல் இறங்க வேண்டும். அவருக்கு வேண்டியது அதுதான் என்று அந்த வருஷம்தான் புரிந்தது.

மூன்றாவது கையெழுத்துக்காக, லயத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் சொல்லிக்கொடுத்ததை நிறுத்தினேன். சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தாலும் விசாக்காரிக்குக் குற்றம் என்றார், நம்பினேன். ஐந்தாவது வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வெளியே போனால் விசா வெட்டுப்பட்டுவிடும், திரும்ப உள்ளே விட மாட்டார்கள், பிள்ளையை இங்கே விட்டுவிட்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்றார். மகளுக்கு அப்போது மூன்று வயது. நான் போகவில்லை. அம்மாவைக் குழிக்குள் இறக்கியதை அண்ணன் போனில் காட்டினான். மழை பெய்துகொண்டிருந்தது, படம் அடிக்கடி நின்றது. போய்த் திரும்பி வர அனுமதி அந்த விசாவிலேயே குத்தியிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

என் மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுநாயக்கவில் விமானத்தில் வந்து இறங்கியவளை அவர் கள்ளத்தோணி என்று கூப்பிடுவார். விளையாட்டுக்குத்தானாம். மலைநாட்டுச் சனத்தை மற்றவர்கள் ஏசிய ஏச்சு அது. அவரும் பேருந்தில், கடையில், ஆஸ்பத்திரியில் வாங்கியிருப்பார். வாங்கியதைப் பத்திரமாக வைத்திருந்து மருமகளுக்குக் கொடுத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் நான் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை உடைத்தாலே பேச்சு விசாவில் போய் நிற்கும்.

"விசா முடிஞ்சா பொட்டியக் கட்டு. புள்ள இங்க பொறந்தது, இங்கயே கெடக்கும். போவ வேண்டியவ நீதான்."

இதை அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். கீரை ஆய்ந்துகொண்டே, பொழுதுபோக்காகச் சொல்வார். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மகளை விட்டுவிட்டுக் கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டி வரும் என்ற பயத்தை அவள் பிறந்ததிலிருந்தே நான் சுமந்தேன்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளுடைய புத்தகத்தை வைத்து நானும் சிங்களம் படித்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் அவளுக்கு ஒரு சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கிருந்த சிங்கள அம்மா என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, இத்தனை வருஷமாக ஏன் விசாவிலேயே இருக்கிறாய் என்று கேட்டார். வேறு வழியில்லையே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். சும்மா வந்து தங்கியிருக்கிறவருக்குப் பிரஜாவுரிமை எளிதில் கிடைக்காது. பிரஜையைக் கட்டியவளுக்குத் தனி வழி இருக்கிறது. கல்யாணப் பதிவு இருக்க வேண்டும், புருஷன் பிரஜை என்பதற்கு ஆதாரம் வேண்டும், விண்ணப்பிக்கும் முன்னால் ஒரு வருஷம் தொடர்ந்து இங்கே குடியிருந்திருக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் மேலே இருக்கிறவர்கள் கையில்தான், ஆனால் கேட்கும் தகுதி ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

ஒரு வருஷம். எனக்கு அப்போது ஒன்பது ஓடியிருந்தது.

அவர் கொடுத்த தாளில், பிரஜையின் மனைவி, அல்லது விதவை விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தது. விதவை என்ற அந்தச் சொல்லை நான் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அங்கிருந்து நேரே புருஷனின் கடைக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். அலுமாரித் தட்டில் விண்ணப்பப் படிவங்கள் வகைவகையாக அடுக்கியிருந்தன, அதில் இந்தப் பிரஜாவுரிமைப் படிவமும் இருந்தது. கடையில் வேலைக்கு நின்ற பெண்ணிடம் இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். வட்டவளையில் ஒருவர் சென்னைப் பெண்ணைக் கட்டியிருக்கிறார், அவளுக்கு முதலாளியே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார், அவளுக்குக் கிடைத்து மூன்று வருஷம் ஆகிறது என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று, வீட்டுக்கு வந்தவரிடம் சத்தம் போடாமல்தான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பிரஜாவுரிமை கெடச்சிட்டா நீ என்னய மதிப்பியா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டார், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். சண்டை போட்டுத் தாய் வீட்டுக்குப் போகிறவள் தோற்றாள். விண்ணப்பிக்கப் புருஷன் வேண்டும், சேர்ந்து வாழ்கிறோம் என்று காட்ட வேண்டும், அவருடைய கையெழுத்தும் வேண்டும். அதனால் நல்ல மருமகளாக இருந்தேன். கோப்பை உடைக்கவில்லை. அவருக்குப் பிடித்த மாசிக் கருவாட்டுச் சம்பல் வாரத்துக்கு மூன்று நாள் அரைத்தேன்.

புருஷனின் பிறப்புச் சான்றிதழில் இனம் இந்தியத் தமிழர் என்று இருந்தது. மலைநாட்டுச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலத்தில் பிறந்தவர், அதனால் அவரோ அவருடைய தாயோ எந்த வழியில் பிரஜையானார்கள் என்று காட்டும் தாள் இருந்தால் கொண்டுவா என்று செயலகத்து அம்மா சொல்லியிருந்தார். என்னைக் கள்ளத்தோணி என்று சொன்ன குடும்பத்திடம் ஆதாரம் கேட்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை அனுபவித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மாமியார் போயிருந்த பகலில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைக்கடியில் ஒரு துணிப் பையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று பழைய இந்தியக் கடவுச்சீட்டு. படத்தில் மாமியார், இருபது வயதுப் பெண், முகம் கொள்ளாத மிரட்சி. பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு ஆண் பிள்ளையின் பேர். என் புருஷன். இரண்டு பேரும் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, கப்பலுக்குக் காத்திருந்து, கப்பல் ஓட்டம் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டவர்கள். அப்படி எத்தனையோ குடும்பம் தேயிலைக்குள் இருக்கிறது.

மற்றது ஒரு சிங்களத் தாள், கீழே பெருவிரல் ரேகை. வாசித்தேன். அப்படித் தங்கிப்போனவர்களுக்காகப் பின்னால் வந்த சட்டத்தின்படி, இங்கேயே இருக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களும் பிரஜை. மாமியார் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஏற்றுக்கொண்டு முத்திரையும் குத்தியிருந்தது. கோயில் மண்டபத்தில் யாரோ மேசை போட்டு விரல் வைக்கச் சொன்னதாக அவர் ஒரு தடவை கதைபோலச் சொன்னது உண்டு, அடையாள அட்டைக்கு என்றுதான் நினைத்திருந்தார். அவர் வாசிக்க மாட்டார். மகன் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. மாமியார் வோட்டுப் போட்டுக்கொண்டிருந்தாலும், அந்தக் கடவுச்சீட்டு இருக்கும்வரை தன்னை ஒருநாள் கூப்பிட்டு அனுப்பிவிடலாம் என்று பயந்துதான் அதை இத்தனை ஆழத்தில் ஒளித்திருந்தார். எரிக்கவும் பயம். அரசாங்கத் தாள் ஆயிற்றே.

சிங்களத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கடவுச்சீட்டை வெளியே எடுத்து வைத்தேன்.

திருவிழா முடிந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தவருக்கு முன்னால் அதைத் திறந்து காட்டினேன்.

"அத்தை, இது நீங்கதானே?"

அவர் கை விபூதித் தட்டோடு அப்படியே நின்றது. அப்ப எடுத்தது, கப்பல் நின்னு போச்சு என்று முணுமுணுத்தார்.

"என் விண்ணப்பத்துக்கு உங்க பதிவ எல்லாம் கேப்பாங்க. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மகன் இப்பவே கையெழுத்துப் போட்டுட்டா, அவங்க கேக்குறதுக்குள்ள நான் முந்திக்குவேன். நான் இந்த நாட்டு ஆளா இருந்தா உங்களுக்காகப் பேச ஒரு ஆள் இருக்கும்."

பச்சைப் பொய். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய். புருஷன் என்னிடம் சொன்ன பொய்களுக்கு இது அக்காள் தங்கை முறைதான் ஆகும். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்.

அன்று பின்னேரம் மகன் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னே, அவ கேக்குறதுல போட்டுக் குடுடா என்று மாமியார் அழுதார். காரணம் கேட்டார், அவர் சொல்லவில்லை. தாய் அழுதால் தாங்க மாட்டார், அது ஒன்றுதான் அவரிடம் இருந்த நல்ல குணம். போட்டார். அந்தக் கையெழுத்துக்காக நான் கெஞ்சவில்லை.

சிங்களத் தாளின் பிரதியையும் சேர்த்துத்தான் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். கிராம சேவகர் சான்று, பொலிஸ் சான்று, கல்யாணப் பதிவு எல்லாம் போயின. ஒரு நேர்முகத்தில் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று அவர் சேர்ட் பித்தானை இழுத்துக்கொண்டு சொன்னார். காத்திருந்தேன், விண்ணப்பம் நிலுவையில் இருந்ததைக் காட்டியே அதுவரை விசாவை நீட்டிக்கொண்டேன். போன வருஷம் சத்தியம் செய்து சான்றிதழை வாங்கினேன். என் இந்தியக் கடவுச்சீட்டின் மூலையை வெட்டி, ரத்து செய்து தந்தார்கள். அப்பா அம்மாவை எங்கிருந்து அனுப்பினார்களோ அங்கேயே நான் திரும்பிவிட்டேன், அதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது, அதோடு சரி.

விட்டுப் போய்விடுவேன் என்று புருஷன் எதிர்பார்த்தார். போகவில்லை. பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறேன், நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. மாசிச் சம்பல் அரைப்பதில்லை. அவர் கேட்டால், பார்க்கலாம் என்கிறேன்.

மாமியார்தான் கரைந்துபோனார். தபால்காரர் வந்தால் உள்ளே போய்விடுவார். கிராம சேவகர் எந்த வீட்டுக்கு வந்தாலும் யாருக்கு என்று கேட்கச் சொல்வார். போன மாதம் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னய அனுப்பிருவாங்களா புள்ள? அங்க எனக்கு யாரும் இல்லையே."

கைப்பை என் மடியிலேயே இருந்தது, அதற்குள் அந்தச் சிங்களத் தாளும் இருந்தது. ஒரு வரி வாசித்துக் காட்டினால் அவர் பயம் முடிந்துவிடும். அம்மாவின் குழியில் விழுந்த மழை ஞாபகம் வந்தது.

"தெரியல அத்தை" என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரின் கட்டிலுக்கடியில் கூட்டும்போது ஒரு மூட்டை தட்டுப்பட்டது. பிரித்தேன். மாமியாரின் நாலு சேலை, மருந்துப் போத்தல், சாமி படம். அவற்றுக்கு மேலே என் மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டர், ஒரு பென்சில் பெட்டி. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பத்து வயதாகிறது, பயமில்லாமல் சொன்னாள்.

"அப்பாயியத் தனியா அனுப்ப முடியாதும்மா. அனுப்பினா நானும் கூடப் போறேன்."

அவளை வெளியே விளையாடப் போகச் சொன்னேன். பிறகு ஸ்வெட்டரையும் பென்சில் பெட்டியையும் எடுத்து அவளுடைய அலுமாரியில் வைத்தேன். சேலைகளை எடுக்கவில்லை. மூட்டையைத் திரும்ப இறுக்கிக் கட்டி, இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டேன்.